ஒப்புக்கொள்ளாத பத்திரம் சார்

செல்போனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன் வருமே, அதை அழுத்துமுன் மேலே இருப்பதை முழுசாகப் படித்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். பாலக்கரையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், பத்திரம் சார்.

ஸ்ரீரங்கம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மாடிக்கு நான் குடிவந்தபோது, வாடகைப் பத்திரத்தில் துணி காயப்போடும் கொடிக்குக்கூட நான்கெல்லை எழுதினார். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"முகூர்த்தம் ஆறுலேர்ந்து ஏழரைன்னு இருக்கே, காலையா சாயங்காலமா? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?"

கல்யாணத்துக்கு எவனய்யா கேஸ் போடுவான்!

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர், ஒன்றாம் வகுப்பை அடக்கி ஆண்ட தொண்டை. அடுப்படியில் பேசினால் மாடியில் எனக்குக் கேட்கும். போன வருஷம் ஆபரேஷனில் அந்தக் குரலே போய்விட்டது. சிலேட்டில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

துபாயில் இருக்கும் மகள் ஒரு போன் அனுப்பினாள். தமிழில் தட்டினால் வாய்விட்டுப் பேசும் ஆப் ஒன்று இருக்கிறதாம். அதை இறக்கும் கடையைப் போனில் திறந்து கொடுத்தது நான்தான். நிபந்தனைகள் வந்தன. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆச்சா!

"தம்பி, ஒப்புக்கலைன்னு சொல்ற பட்டன் எங்க?"

"அப்படிச் சொன்னா ஆப் கிடையாது சார்."

"சரி, வேற கடை பாருங்க."

"இந்தப் போனுக்கு ஒரே கடைதான்."

"காந்தி மார்க்கெட்ல வெங்காயத்துக்கே வரிசையா கடை இருக்கு. பேசறதுக்கு ஒரே கடையா?"

"ஒரே வாசல்னா திருட்டு ஆப் நுழையாது சார். என் மச்சான் எங்கேயோ கண்ட ஆப்பை இறக்கி, போன் பூரா விளம்பரம்."

"காவல் காக்கட்டும், வேணாங்கல. காவக்காரனே வீட்டுக்கு ஓனர் ஆயிடறதா?"

நிபந்தனைகளை அச்செடுத்து, வரிவரியாகத் திருத்தி, அந்தக் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். பதில் வருமா? மூன்று வாரம் தபால்காரரை வழிமறித்ததுதான் மிச்சம். டீச்சர் சிலேட்டில் எழுதி என்னிடம் காட்டினார்: 'எங்க கல்யாணத்தன்னைக்கு சர்ச் ரெஜிஸ்டரையே ரெண்டு தடவை படிச்சாரு. ஃபாதருக்குப் பசி வந்துடுச்சு.'

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், டீச்சர் பேசறதை விட உங்களுக்கு அந்தக் காகிதம் பெரிசா?"

அவர் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"எந்த ஆப்பையும் எப்ப வேணா கடையிலேர்ந்து எடுத்துடுவாங்களாம். காரணம் சொல்ல மாட்டாங்களாம். இவ மறுபடி பேசி, நான் கேட்டுப் பழகி, ஒருநாள் அதுவும் நின்னு போச்சுன்னா? ஒரு தடவை தாங்கிட்டேன் தம்பி. இன்னொரு தடவை என்னால முடியாது."

இத்தனை நாள் இந்த மனுஷனைக் கிறுக்கு என்றல்லவா நினைத்தேன்!

டீச்சருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சிலேட்டில் எழுதினார்: 'போறப்ப போகட்டும். இருக்கறவரைக்கும் பேசிக்கறேன்.' பிறகு கைநாட்டு வாங்குவதுபோல் அவர் கட்டைவிரலைப் பிடித்து அந்தப் பட்டனில் வைத்து அழுத்தினார்.

"சாட்சி! ரெண்டு சாட்சி வேணும்!" என்று சார் அலறினார். நானும், அந்நேரம் பூ கொடுக்க வந்த பூக்காரம்மாவும் சாட்சியாக நின்றோம்.

ஆப் இறங்கியது. டீச்சர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி உணர்ச்சியே இல்லாத ஒரு குரல் கூப்பிட்டது.

"என்னங்க."

"என்னம்மா?" என்றார் சார், பழக்கத்தில், போனைப் பார்க்காமல் டீச்சர் முகத்தைப் பார்த்து. அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் சாட்சிகள் இரண்டு பேரும் அழுதோம்.