கம்பெனி பதில் போடாது

கெய்ரோவில், ஆகஸ்ட் வெயிலில், மாமியார் வருகிறார் என்றால் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? ஏசியைக் கெடுப்பான். நான் கெடுத்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஏசி, படுக்கையறையில். மின்யாவிலிருந்து மாமியார் வந்தால் அந்த அறை அவருக்கு; கூடத்து சோபா எனக்கு, ஒரு மாதம். ஃபியூஸைக் கழற்றி என் கல்யாண ஷூவுக்குள் போட்டுவிட்டு, மனைவி முன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஏசி போச்சு நகாத். இந்த வேக்காட்டுல அத்தை எப்படித் தாங்குவாங்க, பாவம்? குளிர்காலத்துல வரச்சொல்லு."

"கம்பெனிக்குச் சொல்லுங்க."

"போன் பண்ணினா பாட்டுத்தான் பாடுவான்."

"அப்ப அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல எழுதுங்க."

எழுதினேன். அவள் கண்ணெதிரே, கல்லும் கரையும்படி. அந்தப் பக்கத்தில் ரமலான் வாழ்த்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. தைரியம் தலைக்கேறியது. பால்கனிக்கு வந்து, எதிர்வீட்டு உம்மு வக்தி காதில் விழும்படி முழங்கினேன்.

"கம்பெனிக்காரன் மட்டும் இந்த வாரம் வந்துட்டான்னா, ஆண்டவன் மேல சத்தியமா, நானே ஸ்டேஷனுக்குப் போய் அத்தை பெட்டியைத் தலையில சுமந்துட்டு வரேன்!"

"நான் சாட்சி!" என்றாள் உம்மு வக்தி, துணி உலர்த்துவதை விட்டுவிட்டு.

ரொட்டி வாங்கித் திரும்புவதற்குள், இந்த ஊர் மரியாதைப்படி 'பாஷா' போட்டு, பதில் வந்திருந்தது. "மன்னிக்கணும் பாஷா! நாளைக் காலை நம்ம ஆள் உங்க வாசலில் இருப்பார்." அதன் கீழே முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்காக துஆ செய்திருந்தார்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்தான். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் மட்டும். ஏசி பக்கமே போகவில்லை. நேரே செருப்பு அலமாரிக்குப் போய் என் இடது ஷூவைக் கவிழ்த்தான். ஃபியூஸ் விழுந்தது.

"உ... உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"மேடம் நேத்தே எங்க பக்கத்துக்கு போட்டோ அனுப்பிட்டாங்களே, பாஷா."

நகாத் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சிருந்தா நீயே எடுத்துக் குடுத்திருக்கலாமே!"

"குடுத்திருக்கலாம். ஆனா கம்பெனிக்காரர் வந்தாத்தானே உங்க சத்தியம் செல்லும்?"

உள்ளே ஏசி குளுகுளுவென்று ஓடத் தொடங்கியது. எதிர் பால்கனியில் உம்மு வக்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷூவை மாட்டிக்குங்க," என்றாள் நகாத். "இப்ப காலியாத்தானே இருக்கு. அம்மாவோட ரயில் அஞ்சு மணிக்கு."