இரண்டு பாதிக் கடவுச்சொல்

ஒழுங்குமுறை தெரியாதவனை விபத்து தேடி வரும். ஒழுங்குமுறை முழுவதும் தெரிந்தவன் அதைத் தானே தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் இரண்டாவது இனம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்திநாலு வருடம் வேலை செய்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றேன். அங்கிருந்த இரும்புப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது காசாளரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அந்தப் பெட்டகத்திலிருந்து ஒரு தாள்கூடக் காணாமல் போனதில்லை. (தேவையான நேரத்தில் ஒரு தாள்கூட வெளியே வந்ததுமில்லை. அதைப்பற்றி யாரும் சுற்றுநிருபம் எழுதவில்லை.)

மகள் கௌசி கொழும்புக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கணினியை வீட்டில் விட்டுப் போனாள். காணி உறுதி, சான்றிதழ்கள், என் சொந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் ஒரு கோப்புறையில் போட்டேன். அடுத்த வளவில் இருக்கும் மனைவியின் தம்பி குமார், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க என்று வந்து என் கடிதங்களை வாசித்துவிட்டுப் போவான். ஆகவே கோப்புறையைப் பூட்ட ஒரு மென்பொருளை இறக்கினேன்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றால் அது நானில்லை. கடவுச்சொல்லின் முற்பாதி எனக்கு, பிற்பாதி மனைவி ராணிக்கு. யாரும் தன் பாதியைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது. என் பாதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். ஐந்து தரம் பிழைத்தால் கோப்புறை இருபது நிமிடம் இறுகிக்கொள்ளும். விதிகளை அச்செடுத்து ராணியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"நான் தட்டேக்க நீங்கள் பாக்க மாட்டீங்களோ?"

"மற்றப் பக்கம் திரும்பி நிப்பன்."

"கலியாணம் கட்டி முப்பது வருசத்தில நீங்கள் எனக்குத் தந்த முதல் அதிகாரம்," என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

போன வருடம் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. காலை பத்தரைக்குக் கௌசி அழைத்தாள். மெல்போர்னில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"அப்பா, நான் அனுப்பின பெறுபேற்றுப் பத்திரம் தெளிவில்லையாம். எங்கட நேரம் பன்னிரண்டரைக்கு முந்தித் திரும்ப அனுப்போணும். இல்லாட்டி புலமைப்பரிசில் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"பத்து நிமிசம்," என்றேன்.

அசல் வங்கிப் பெட்டகத்தில். வங்கிக்கு விடுமுறை. (மெல்போர்ன்காரருக்குப் போயா கிடையாது.) அவளுடைய கைப்பேசியில் ஒரு நல்ல படம் இருந்தது. 'பிரதி கூடினால் பொறுப்புக் குறையும்' என்று அதைப் போன வருகையின்போது நானே அழிப்பித்திருந்தேன். மிஞ்சியது கோப்புறைதான்.

ராணி கப்பல்துறையில் அக்கா வீட்டில் நின்றாள். அழைத்தேன்.

"உம்மட பாதியைச் சொல்லும்."

"டெலிபோனில சொல்லக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கினனீங்கள்."

"இது அவசரம்."

"அவசரத்துக்கும் ஏலாது எண்டு நாலாம் பந்தியில கிடக்கு."

விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் பாதியைச் சொன்னாள். தட்டினேன். திறக்கவில்லை.

"பிழையாச் சொல்லுறீர்."

"அது எங்கட கலியாண நாள். அதை மறக்கிற ஆள் நானில்லை."

(அதை மறக்கிற ஆள் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.)

ஐந்து தரம் தட்டினேன். கோப்புறை இறுகிக்கொண்டது. இருபது நிமிடம் மனைவியின் ஞாபகசக்தி பற்றி மகளுக்கு விளக்கம் கொடுத்தேன். போயா நாளில் ஓட்டோ தேடிப் பிடித்து ராணி வந்திறங்கும்போது பன்னிரண்டு ஐந்து. நான் என் பாதியைத் தட்டிவிட்டு, விதிப்படி ஜன்னல் பக்கம் திரும்பி, துறைமுகத்தில் நின்ற சீமெந்துக் கப்பலைப் பார்த்தேன். அவள் தன் பாதியைத் தட்டினாள். திறக்கவில்லை.

"உங்கட பாதி சரியோ?"

"என்ர பாதியில பிழை வராது."

"போன திங்கள் மாத்தினனீங்கள் எல்லே?"

காலை முழுக்க நான் தட்டியது பழைய பாதி. புதியது அரக்கு வைத்த உறைக்குள், வங்கியில் கிடந்தது. எழுதி வைத்ததை மனதிலும் வைத்திருப்பது வீண்வேலை என்பது என் கொள்கை.

மேசையில் இருந்த தொலைபேசியில் கௌசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பரவாயில்லை அப்பா. அடுத்த வருசம் பாப்பம்," என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வருடம் வேலையும் பார்த்து, விடியவிடியப் படித்துப் பெற்ற இடம் அது.

"தள்ளுங்கோ," என்றாள் ராணி. கதிரையில் இருந்து, தட்டத் தொடங்கினாள். "நங்கூரம். இங்கிலீசில. ஏழு, ஒன்பது, ஏழு, வினாக்குறி."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் ஒவ்வொரு எழுத்தையும் வாயால சொல்லித்தானே தட்டுறனீங்கள். குசினி வரைக்கும் கேக்கும்."

எங்கள் அலுவலகத்தில் பிரதிகளை ஒப்புநோக்கும்போது ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் சரிபார்ப்பார். முப்பத்திநாலு வருடம் உரத்து வாசித்தவன் நான். விரல் அசைந்தால் வாயும் அசையும் என்று அன்றுவரை எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.

ராணி முழுவதையும் தட்டி முடித்தாள். அப்போதும் திறக்கவில்லை. மணி பன்னிரண்டே கால்.

மதிலுக்கு அப்பாலிருந்து குமாரின் குரல் வந்தது. "அக்கா, வினாக்குறி ரெண்டு."

திறந்தது.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்குப் பத்திரம் கௌசியிடம் போய்ச் சேர்ந்தது. இருபத்தாறுக்கு அவள் அதை மெல்போர்னுக்கு அனுப்பினாள். புலமைப்பரிசிலும் கிடைத்தது. அவள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். அங்கே தன் நண்பர்களுக்கு இந்தக் கதையை ஒப்புநோக்கும் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாளாம்.

விதிகளை நான் கைவிடவில்லை. போன மாதமும் என் பாதியை மாற்றினேன். கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்று பின்னேரமே மெல்போர்னிலிருந்து செய்தி வந்தது.

"அப்பா, இந்த முறை நீளம் கூடிப்போச்சு. மாமாவுக்குப் பாடமாக்கக் கஷ்டமாம்."