விஞ்ஞானபூர்வமாகத் தோற்பவர்

தோற்றுப்போகிறவர்களில் பல ரகம் உண்டு. அழுகிறவர், சண்டைக்கு வருகிறவர், தலைவலி என்று நழுவுகிறவர். அவர்களை விடுங்கள். விஞ்ஞானபூர்வமாகத் தோற்றுப்போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், இந்த எண்பத்தாறாம் வருஷத்தில் ஆரப்பாளையத்தில் புதிதாகத் திறந்திருக்கும் வீடியோ கேம்ஸ் கடைக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள்.

கோச்சடை விஸ்வேஸ்வரன் அங்கேதான் இருப்பார். வேலை என்னவோ ஆபீஸ் குமாஸ்தாதான். ஆனால் கடைக்காரர் வெள்ளைத்துரை ஒருநாள் மெஷினின் பின்பலகையைக் கழற்றியபோது இவர் எட்டிப் பார்த்துவிட்டார். அன்று பிடித்தது வினை. அதற்குப் பிறகு பிராசசர் திணறியிருக்கிறது, மெமரி பற்றாமல் போயிருக்கிறது, போர்டு சூடேறியிருக்கிறது. விஸ்வேஸ்வரன் மட்டும் தோற்றதே கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரி. மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் வண்டுகளைச் சுடுகிற ஆட்டம் அது. திரை நிறைய வண்டுகள் இருந்தால் பிராசசர் ஒவ்வொன்றையும் வரைந்து வரைந்து மூச்சு வாங்கும். எல்லாம் ஊர்ந்து வரும். சுடச் சுட அதற்குப் பாரம் குறையும். மிச்சம் இருப்பவை ஓட்டமெடுக்கும். சரி, இவ்வளவு தெரிந்த மனிதர் ஜெயிக்க வேண்டாமா?

அதற்கும் நாள் வந்தது. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். "ஆரப்பாளையத்துல என்னை மிஞ்ச ஆளில்லை" என்று மனைவி ஜானுவிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் சொல்வதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையே கடைக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் சுடவில்லை.

"சுடுங்கோளேன்னா," என்றாள் ஜானு.

"அவசரப்படாதே. சுட்டா பிராசசருக்கு வேலை குறைஞ்சு, மிச்சமெல்லாம் ஓட ஆரம்பிச்சுடும். கூட்டத்தை அப்படியே வெச்சிருந்தா மெதுவாத்தான் வரும்."

மெதுவாகத்தான் வந்தன. ஒரு வண்டுகூடக் குறையாமல், வரிசை கலையாமல், வெகு மரியாதையாக இறங்கி வந்து அவர் தலைமேல் உட்கார்ந்தன.

"பாத்தியா, எவ்வளவு ஸ்லோ! நான் சொன்னேனோல்லியோ?" என்றார் வெற்றிக் களிப்போடு.

ஜானு ஒரு காசு போட்டாள். எந்தச் சித்தாந்தமும் இல்லாமல் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டாள். கடைசி வண்டுகள் தலைதெறிக்க ஓடின, அவற்றையும் சுட்டாள். திரையின் உச்சியில் அவள் எடுத்த புள்ளிகள் ஏறி உட்கார்ந்தன.

"அம்புட்டையும் தூக்கிட்டீகளேக்கா!" என்று வாயைப் பிளந்தார் வெள்ளைத்துரை.

விஸ்வேஸ்வரன் அந்தப் புள்ளிகளை ஒருதரம் பார்த்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்ப சூடாயிருக்கு. அணைச்சுடுங்கோ."

"அணைச்சா அக்கா ஸ்கோரு போயிருமேண்ணே! கரண்டு நின்னா இதுக்கு மெமரில ஒண்ணும் தங்காதுல்ல?"

"அது மெமரி டிசைன்ல இருக்கற குறை. அதுக்கு நான் என்ன பண்றது?" என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தானே தட்டினார்.

ஜானு இருண்ட திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

"இன்னொரு காசு குடுங்கோ."

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் கேரம் ஆட்டத்தில் பவுடர் சரியில்லை என்று சொன்னது யார்? அது போகட்டும். அந்த மெஷின் ஒருவேளை நிஜமாகவே சூடாகத்தான் இருந்திருக்குமோ என்று உங்களுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியதா? அப்படியானால் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.