ஒன்பது நாடு கண்ட மலேத்தா

எங்கள் சிம்போத்தே துறைமுகத்திலிருந்து இரண்டு சரக்குகள் வெளிநாட்டுக்குப் போகின்றன. ஒன்று மீன்மாவு. மற்றது கால்பந்தாட்டக்காரர். மீன்மாவு போனால் போனதுதான். அதை எந்த நாட்டுக் கோழி தின்றது, எந்த நாட்டுப் பன்றி தின்றது என்று யாரும் விசாரிப்பதில்லை. பந்தாட்டக்காரர் அப்படியில்லை. திரும்பி வருவார். வந்து, தன்னை யார் யார் தின்றார்கள் என்பதைத் தானே சொல்லத் தொடங்குவார்.

அவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். உலகம் சுற்றிய பந்தாட்டக்காரர். பெரு நாட்டில் பேட்டைக்கு ஒருவர் நிச்சயம். கொஞ்சம் பெரிய பேட்டை என்றால் இரண்டு பேர் இருப்பார்கள்; அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். எங்கள் ஊரின் கோடையான பிப்ரவரி வெயிலில் மற்றவர்கள் பனியனைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டு நிழல் தேடும்போது, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் வருகிறாரே, அவர்தான். கேட்டால், "கஜகஸ்தான்ல பழகிடுச்சு" என்பார். கஜகஸ்தானில் அவர் இருந்தது ஏழு வாரம். பிறந்ததிலிருந்து இங்கே அடித்த வெயில் அவரை எதற்கும் பழக்கவில்லை. ஏழு வாரக் குளிர் நிரந்தரமாகப் பழக்கிவிட்டது.

"ஐரோப்பாவுல இருந்தப்ப" என்று அவர் தொடங்கினால் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த வாக்கியம் எங்கெங்கோ சுற்றி, ஒரு விமான நிலையத்தில் பெட்டி தொலைந்து, ஒரு மொழிபெயர்ப்பாளர் தவறாக மொழிபெயர்த்து, ஒரு முழங்கால் வீங்கி வடிந்து, கடைசியில் வினைச்சொல்லை அடையும்போது உங்கள் காப்பி ஆறிப்போயிருக்கும். எந்த ஐரோப்பா? சைப்ரஸ் தீவின் இரண்டாம் பிரிவுப் போட்டிகள். அங்கே அவர் மைதானத்தில் நின்றது மொத்தம் இருபத்தாறு நிமிடம். அதிலும் நான்கு நிமிடம் ஒரு நாய் உள்ளே புகுந்துவிட்டதால் ஆட்டம் நின்றிருந்தது.

கைப்பேசியில் படம் காட்டுவார். எல்லாப் படமும் ஒரே படம். புதிய கழகத்தின் துண்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நாடு ஒன்பது, கழகம் பதினான்கு, துண்டு பதினான்கு. பந்தோடு ஒரு படம் கிடையாது.

"பந்து எங்கண்ணே?"

"அது இந்தப் பக்கம் இருக்கு. படத்துல விழல."

ஒவ்வொரு கழகத்தை விட்டு வந்ததற்கும் காரணம் வைத்திருப்பார். பெரும்பாலும், அவரைத்தான் வேண்டும் என்று கேட்ட பயிற்சியாளரை, இவர் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது இல்லையென்றால் பொலிவியாவில் மலை ஒத்துக்கொள்ளவில்லை, எல் சால்வடோரில் மழை ஒத்துக்கொள்ளவில்லை, ருமேனியாவில் கழகத் தலைவரின் மருமகனும் அதே இடத்தில் ஆடுபவன். இந்தோனேசியாவில் மட்டும் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. ஆட்டத்துக்குப் போகும் வழியில் டீ குடிக்கப் பேருந்திலிருந்து இறங்கினார். பேருந்து போய்விட்டது. மறுநாள் விசாரித்தால் கழகமே வேறு தீவுக்குப் போய்விட்டிருந்தது.

எங்கள் பேட்டைக்கு வாய்த்தவர் எடில்பெர்த்தோ ஓர்மென்யோ. வயது முப்பத்தொன்பது. தினமும் மதியம் எதெல்வினா அக்காவின் செவிச்சேக் கடையில் உட்கார்ந்திருப்பார். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், வெங்காயம், மிளகாய், பக்கத்தில் ஒரு துண்டு சர்க்கரைவள்ளி. தட்டு வந்ததும் ஆரம்பிப்பார்.

"அக்கா, ருமேனியாவுல மீனை இப்படி ஊற வைக்க மாட்டாங்க."

"பின்ன?"

"வேக வைப்பாங்க."

"அப்ப அங்கயே போய்த் தின்னு. தட்டைக் கொடு இப்படி."

தட்டைக் கொடுக்கமாட்டார். இன்னொரு தட்டு கேட்பார். ருமேனியாவில் இருந்த நான்கு மாதமும், ஒரு வார்த்தை புரியாத அறைத்தோழனிடம், எதெல்வினா அக்காவின் மீனைப் பற்றியே கையால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஓர்மென்யோவை எங்கள் பேட்டையில் யாரும் ஓர்மென்யோ என்று கூப்பிடுவதில்லை. மலேத்தா என்றுதான் கூப்பிடுவோம். மலேத்தா என்றால் பயணப் பெட்டி. ஆனால் மைதானத்துக்குள் ஒருவனைப் பார்த்து மலேத்தா என்று சொன்னால், அதற்குப் பெரு முழுவதும் ஒரே அர்த்தம்தான்: ஆடத் தெரியாதவன். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உதைப்பவன். இந்த இரண்டில் எது என்று நாங்கள் அவரோடு விவாதித்ததில்லை. அவராகவே முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஒரு பெட்டியும் செய்து மாட்டிக்கொண்டார். கைப்பிடி, பூட்டு எல்லாம் உண்டு. திறக்காது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது. பிரிவுபசார ஆட்டம்.

எங்கள் நெத்திலிக் கழகம் ஓய்வு பெறும் ஆட்டக்காரனுக்கு அதைச் செய்யும். வாத்தியக் கோஷ்டி வரும். பாதிரியார் வந்து பூட்ஸின் மேல் தீர்த்தம் தெளிப்பார். தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றி வருவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் கோல்கீப்பர் மரியாதையாக ஒதுங்கி நிற்க, விடைபெறுபவர் ஒரு கோல் அடிப்பார். எல்லோரும் அழுவார்கள். ஓர்மென்யோவை ஒன்பது நாடுகளிலிருந்தும் வழியனுப்பியவர்கள் டாக்சி ஓட்டுநர்கள் மட்டுமே. ஒரு தடவையாவது யாராவது கையசைக்க வேண்டும் என்று அவர் விரும்பியது அதிகமா?

அதிகம்தான் என்றது கழகத்தின் சட்டம். நெத்திலிச் சட்டையோடு ஒரு முழு ஆட்டமாவது, தொண்ணூறு நிமிடமும் ஆடியவருக்கே பிரிவுபசாரம். பதினேழு வயதில் கிளம்பிப்போன ஓர்மென்யோ இந்தச் சட்டையில் அதிகபட்சம் ஆடியது நாற்பது நிமிடம். எதெல்வினா அக்காதான் கழகத் தலைவி. சட்டத்தில் எலுமிச்சை பிழிய அவள் சம்மதிக்கவில்லை. "ஒரு முழு ஆட்டம் ஆடு. மறுவாரமே உன்னை ஒழுங்கா அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம், மீன்மாவு ஆலைக் கழகத்தோடு. பயிற்சியாளர் யார்லெகே வாத்தியார் ஓர்மென்யோவுக்குத் தந்திரம் சொல்லிக்கொடுத்தார்.

"நீ பந்து பக்கம் போகாத."

"சரி வாத்தியாரே."

"பந்து உன் பக்கம் வந்தா, வழி விட்டு நில்லு. மணி பார்க்காத. உட்காராத. தொண்ணூறு நிமிஷம் நின்னாப் போதும்."

பாதிரியாரிடம் தேதி கேட்டு வைத்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் போனோம். ஓர்மென்யோ மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எங்கள் பார்வையாளர் மேடை முழுவதும் எழுந்து நின்று, தொண்டை கிழிய, அன்போடு கத்தியது: "மலேத்தா, மலேத்தா, மலேத்தா."

நடுவர் பல்த்தசார் ஹுவாமனி விசிலை ஊதினார்.

நல்ல மனிதர். வார நாட்களில் பத்திரப் பதிவு எழுத்தர். எழுதாத எதையும் நம்பாதவர். அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பார்வையாளர்கள் ஓர் ஆட்டக்காரனை அவமதித்துக் கத்தினால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை பத்து நிமிடம் நிறுத்தம். மூன்றாம் தடவை ஆட்டம் ரத்து. ஹுவாமனி ஒலிபெருக்கியில் அறிவித்தார். யாரையோ அவமதித்துவிட்டார்கள் என்று மட்டும் மேடைக்குப் புரிந்தது. அவமதித்த ஆள் மேல் ஆத்திரம் வந்து, ஓர்மென்யோவுக்கு இன்னும் பலமாக ஆதரவு தந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் பத்து நிமிட நிறுத்தம். அறுபதாவது நிமிடத்தில், பாதி ஆட்டத்தில் மாற்றப்பட்டே வந்த இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஓர்மென்யோவின் கால்கள் தாமாகவே வெளியே நடக்கத் தொடங்கின. யார்லெகே வாத்தியார் கோட்டருகே நின்று திருப்பி அனுப்பினார். எழுபத்தொன்றாவது நிமிடத்தில், அவர் இன்னும் நிற்பதைப் பார்த்த பெருமிதத்தில், நாங்கள் மறுபடி கத்திவிட்டோம்.

ஹுவாமனி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இதோட முடிஞ்சது. ஆட்டம் ரத்து."

ஓர்மென்யோ ஓடினார். அன்றைக்கு அவர் ஓடியது அப்போதுதான்.

"சார், அது அவமதிப்பு இல்ல சார். அது என் பேரு."

"சீட்டுல எடில்பெர்த்தோன்னு இருக்கு."

"அது எங்கம்மா வச்சது சார். இது பேட்டை வச்சது. பயணப் பெட்டி. ஒன்பது நாடு போயிருக்கேன்ல." சங்கிலியைத் தூக்கிக் காட்டினார்.

ஹுவாமனி சின்னப் பெட்டியை உற்றுப் பார்த்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். குறிப்பேட்டை எடுத்தார். "பயணம் சம்பந்தமான பேரு. அப்படின்னா..."

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார்." ஆலைக் கழகத்தின் கேப்டன் கசிமிரோ லெக்கா வந்து நின்றான். "நானும் இவனும் ஒரே தெரு. மலேத்தான்னு பேரு வந்தப்ப இவனுக்குப் பதிமூணு வயசு. அப்ப இவன் பக்கத்துல இருக்கிற துருஹியோவுக்குக்கூடப் போனதில்ல."

"கசிமிரோ, வேணாம்டா."

"பொய்யா சொல்றேன்? சொந்தப் பக்கத்துக் கோலுக்குள்ளயே ரெண்டு அடிச்சான் சார். முதல்ல மலேத்தான்னு கத்தினது இவங்கப்பாதான். தெரு அப்புறம்தான் கத்துச்சு."

ஹுவாமனி பேனாவை மூடினார். "அப்ப அவமதிப்புதான்."

இன்னும் பத்தொன்பது நிமிடம் பாக்கி. ஓர்மென்யோ தூக்கிப் பிடித்திருந்த சங்கிலியைச் சட்டைக்குள் விட்டார்.

"சரிதான் சார்," என்றார். "ஆடத் தெரியலைன்னுதான் வச்சாங்க. அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் நிஜமாவே பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சேன். எதுக்குன்னா, அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கட்டும்னுதான். ஒரு அர்த்தம் புதுசா வாங்கிட்டேன். பழசு போகல."

"அதெல்லாம் சரி. அவமதிப்பா இல்லையா? அதைச் சொல்லுங்க. நான் எழுதணும்."

"ஒன்பது நாட்டுலயும் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல சார். பதினாறாம் நம்பர், வெளிய வான்னுதான் கூப்பிட்டாங்க. இவங்கதான் கூப்பிடறாங்க. இவங்களையும் நீங்க நிறுத்திட்டா எப்படி?"

ஹுவாமனி அவசரப்படுகிறவர் அல்ல. நேராக எங்கள் மேடைக்கு வந்தார். ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

"பொதுமக்களே, நீங்க எந்த அர்த்தத்துல கத்தறீங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொல்லலாமா என்று யோசித்தோம். எதெல்வினா அக்கா எழுந்தாள்.

"ரெண்டுலயும்தான் சார்."

ஹுவாமனி அங்கேயே நின்று எழுதினார். பிறகு உரக்கப் படித்துக் காட்டினார்: "மேற்படி சொல்லுக்கு இரண்டு பொருள். மேற்படி நபருக்கு இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே இது அவமதிப்பு அல்ல, தகவல்." விசில் ஊதினார்.

ஓர்மென்யோ மிச்ச நேரத்தையும் நின்று முடித்தார். நிறுத்தங்களுக்காகக் கூட்டிய இருபத்து மூன்று நிமிடத்தையும் சேர்த்து நின்றார். பந்து அவர்மேல் மொத்தம் மூன்று தடவை பட்டது, மூன்றும் முதுகில். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. தரையில் மல்லாந்து கிடந்தவரின் கையைப் பிடித்து எதெல்வினா அக்கா, "அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னை அனுப்பறோம்" என்றாள். அவர் கம்பளித் துண்டைக் கேட்டு வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். சந்தோஷம்தான்.

இங்கே கதை முடிந்திருந்தால் அவர் உலகம் சுற்றும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே இல்லை என்று சொல்லலாம். வியாழக்கிழமை மதியம், இரண்டாவது தட்டில் கை வைக்கும்போது, அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"மங்கோலியா அக்கா. அந்த ஊர் வாத்தியார் என்னைத்தான் வேணும்னு கேட்டிருக்காராம்."

"எப்ப?"

"சனிக்கிழமை ப்ளைட்டு."

"ஞாயித்துக்கிழமை பாதிரியார் வர்றார். வாத்தியக் கோஷ்டி வருது. ஒரு நாள் கழிச்சுப் போகக்கூடாதா?"

"ஒரு நாள்ல வாத்தியாரை மாத்திட்டாங்கன்னா?"

அவர் அனுபவத்தில் அது நியாயமான பயம். அக்கா தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். சனிக்கிழமை டாக்சி வந்தது.

பிரிவுபசாரத்தை நடத்திவிட்டோம். வேறு என்ன செய்வது? வாத்தியக் கோஷ்டி வந்துவிட்டது. பூட்ஸை அவர் கொண்டுபோய்விட்டதால் பாதிரியார் பொதுவாகத் தரையில் தீர்த்தம் தெளித்தார். தோளில் தூக்க ஆள் இல்லையே என்று கசிமிரோ லெக்காவைத் தூக்கிச் சுற்றினோம். அவன் இரண்டாவது சுற்றில் அழுதுவிட்டான். எண்பத்தைந்தாவது நிமிடத்தில் கோல்கீப்பர் மரியாதையாக ஒதுங்கினான். பந்தைக் கோலுக்கு முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். யாரும் உதைக்க மனசு வரவில்லை. மூன்று நிமிடம் கழித்துக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பந்து அசைந்தது, யோசித்தது, உருண்டு உள்ளே போனது. விருந்தினராக வந்திருந்த ஹுவாமனி பேனாவைத் திறந்து எழுதினார்: "எண்பத்தெட்டாவது நிமிடம். மலேத்தா." மேடை எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்தியது. அவருடைய ஆட்ட வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான கோல் கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மங்கோலியாவுக்குப் போகிற ஆசை உங்களுக்கு இல்லை. பந்தும் ஆடத் தெரியாது. அவ்வளவு பைத்தியம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. நல்லது. ஆனால் பதின்மூன்று வயதில் உங்கள் தெரு உங்களுக்கு ஒரு பெயர் வைத்ததே, அது என்ன என்று நான் கேட்கமாட்டேன். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாத ஊரில்தானே இப்போது உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?