குறை சொல்லும் தனியுரிமை

பசறையில் கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்ற தேவை நீண்டகாலமாக உணரப்பட்டு வந்தது. அதாவது செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து.

அன்றைக்குத்தான் அந்த அறிவிப்பு வந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த ‘பேய்க்கோட்டை’ விளையாட்டின் மூன்றாம் பாகம், முதல் ஒரு வருசத்துக்கு ஒரேயொரு இணையக் கடையில் மட்டும்தான் கிடைக்குமாம். விற்கும் தனியுரிமை அந்தக் கடைக்குத்தானாம், நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் கிடையாதாம். என்ன கொழுப்பு பாருங்கள். புதுக் கடையில் கணக்குத் திறக்கக் காசு வேண்டாம், ஐந்து நிமிட வேலைதான். அதனால்தான் எங்களுக்கு இன்னும் ஆத்திரம்.

போன் திருத்தும் கடை வைத்திருக்கும் மத்தேயுதான் முதலில் கொதித்தார். அவருக்கு இது வெறும் விளையாட்டில்லை. பூனாகலை நிஷாலினியை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சந்திக்கக் கூடாது என்பது நிஷாலினியின் அம்மா றீட்டாவின் சட்டம். பேய்க்கோட்டைக்குள் சந்திப்பதை மட்டும் அவர் தடுக்கவில்லை. அத்தனை பேய்கள் இருக்கையில் பிள்ளைக்கு நல்ல காவல்தான் என்று நினைத்தாரோ என்னவோ. மூன்றாம் பாகம் வந்ததும் பழையதை மூடிவிட்டார்கள். நிஷாலினி மறுபேச்சில்லாமல் புதுக் கடையில் வாங்கி, கோட்டை வாசலில் போய் நின்றாள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

மத்தேயு போகவில்லை. கொள்கை.

இந்த மலையில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் சொல்ல ஒரு சங்கம், புதுக் குழாய் போட்டால் மாலை வாங்க ஒரு சங்கம். ஆகவே நாங்களும் சங்கம் அமைத்து, மத்தேயுவைத் தலைவராக்கி, மாலை போட்டு, புதுக் கடையைப் பகிஷ்கரிப்பது என ஏகமனதாகத் தீர்மானித்தோம். வெள்ளிக்கிழமை சங்கம் உடைந்தது. எங்களில் லுணுகலை ஊர்க்காரர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். மூன்றாவது சங்கத்தில் ஒரே ஆள். தலைவரும் அவரே, அதிருப்தி அணியும் அவரே.

மூன்று சங்கமும் பதுளை அரசாங்க அலுவலகத்துக்கு மகஜர், அதாவது கையெழுத்திட்ட கோரிக்கை மனு, கொண்டுபோயின. இணைய வர்த்தக ஒழுங்குப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் ஜெயலெட்சுமி மெடம் பொறுமையாகக் கேட்டார். வெளிநாட்டுக் கடையைத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஆனால் ஒரே குறையை மூன்று தரப்பு சொல்வது நிர்வாகச் சீர்கேடு, அதை ஒழுங்குபடுத்தத் தனக்குப் பூரண அதிகாரம் உண்டு என்றார்.

மத்தேயு எழுந்தார். “அப்ப குறை சொல்ற உரிமைய எங்க சங்கத்துக்கு மட்டும் குடுங்க மெடம். ஒரு வருசத்துக்கு ஊவா மாகாணத்துல வேற யாரும் இதப் பத்திக் குறை சொல்லக் கூடாது.”

மெடத்துக்கு யோசனை மிகவும் பிடித்துப்போனது. ஒப்பந்தம், பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. தனியுரிமையை எதிர்த்த போராட்டத்தில் எங்களுக்கே தனியுரிமை கிடைத்துவிட்டது. பசறை பஸ் ஸ்டாண்டில் வெடி கொளுத்தினோம். மெடமும் கடமை தவறாதவர். கள ஆய்வுக்கென்று புதுக் கடையில் கணக்குத் திறந்து, பேய்க்கோட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் நிஷாலினி குறை சொல்லப் பதுளைக்குப் போனாள். ஒப்பந்தப்படி அவளைத் திருப்பி அனுப்பினார்கள். றீட்டாவையும் கூட்டிக்கொண்டு நேரே மத்தேயுவின் கடைக்கு வந்தாள். உத்தியோகபூர்வ விசயம் என்பதால் றீட்டா தன் சட்டத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தார்.

“ஒரு குறை பதியணும்” என்றாள் நிஷாலினி.

“என்ன குறை?”

“என்னைக் கட்டிக்கப் போறவரு வாசப் பக்கமே வர மாட்டேங்கிறாரு. நான் ஒத்தையில கதவைத் தள்ளிக்கிட்டு நிக்கிறேன்.”

மத்தேயுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தானே. பகிஷ்கரிப்பில் இருப்பவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் குறை சொல்லலாம், புதுக் கடையில் வாங்கியவருக்கு அதற்கு இடமில்லை என்று விதிகளை விளக்கினார்.

“அப்ப நான் யாருகிட்டங்க சொல்றது?”

“ஒரு வருசம் பொறுங்க. அதுக்கப்புறம் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.”

நிஷாலினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “சரிங்க. கல்யாணத்தையும் அதுக்கப்புறமே பாத்துக்குவோம்.”

அன்று மாலையே கோட்டைக் கதவு திறந்தது. கூடச் சேர்ந்து தள்ளியவர் ஜெயலெட்சுமி மெடம். துணைக்கு ஆளில்லாமல் அவருடைய கள ஆய்வும் அதே வாசலில்தான் தேங்கிக் கிடந்ததாம். இருவரும் நல்ல சோடியாகிவிட்டதால் ஆய்வு ஒரு வருசத்துக்கு நீடிக்கப்பட்டிருக்கிறது.

மத்தேயு இது அநியாயம் என்று புலம்பினார். எங்களுக்கும் வயிறு எரிந்தது. கல்யாணச் சாப்பாடு வேறு போயிற்றே. முறையிடலாம் என்றால் மெடம் இப்போது அலுவலகத்தில் அகப்படுவதில்லை, கோட்டைக்குள்தான் இருக்கிறார். எனவே பொதுச்சபையை அவசரமாகக் கூட்டினோம். மகஜரை மெடத்திடம் நேரில் கையளிக்கும் ஒரே நோக்கத்துக்காக, உறுப்பினர்கள் புதுக் கடையில் பேய்க்கோட்டையை வாங்கலாம் எனத் தீர்மானம் நிறைவேறியது. மெடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். கோட்டை ரொம்பப் பெரிசு, பேய்களும் அருமையாக இருக்கின்றன.

அதற்காகப் பகிஷ்கரிப்பைக் கைவிட முடியுமா? அதை நடத்தும் உரிமையை மத்தேயுவுக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.