கொரியாவிலிருந்து ஒரு சாமித்தட்டு

யாராவது படிப்படியாகச் சொல்லித் தந்தால் நான் எதையும் செய்து முடித்துவிடுவேன். என்ன செய்கிறேன் என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது முப்பத்தாறாவது வயதில், ஓர் ஐயர், என் மாமியார், இருபது சொந்தக்காரர் முன்னிலையில்.

வெள்ளவத்தையில் நாங்கள் வீடு வாங்கிய வருடம் அது. வீடு என்றால் நாலாம் மாடியில் ஒரு பிளாட். (பல்கனியில் நின்று கழுத்தை முறித்துப் பார்த்தால் கடல் தெரியும். ஊருக்கெல்லாம் "கடல் தெரியும்" என்றோம். கழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.) சாமித்தட்டு வைப்பதற்கு மிஞ்சியிருந்தது தூணுக்கும் பல்கனிக் கதவுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய மூலை. கடைகளில் பார்த்த எதுவும் அதற்குள் போகாது.

"ஆரையாவது பிடிச்சு ஒரு பிளான் கீறுவிப்பம்," என்றார் என் கணவர் குகன்.

"ஏன், நான் கீற மாட்டனோ? கொம்பியூட்டரில பழகிக் கீறுவன்."

நான் காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்பவள். வாழ்க்கையில் ஒழுங்காகக் கீறிய ஒரே படம் பள்ளிக்கூடத்தில் கீறிய தவளையின் குடல். பேச்சோடு பேச்சாக அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குகனின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர்.

"நல்லது பிள்ளை. பால் காய்ச்சுக்கு வரேக்க பாக்கிறன்," என்றார்.

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுக ஐந்து கிழமை இருந்தது.

கணினியில் பிளான் கீறும் சொப்ட்வெயாரை இறக்கிவிட்டு, ஆரம்பப் பாடம் தேடி இணையத்தில் இறங்கினேன். முதல் ஆள் பதினைந்து நிமிடம் தன் சாதனைகளைச் சொல்லி முடித்து, "அடிப்படை உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். (தெரிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்?) இரண்டாமவர் தமிழ்நாட்டுத் தம்பி. "ரொம்ப சிம்பிள்ங்க" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் நான் தொலைந்தேன். மூன்றாமவர் காட்டிய பட்டன் எதுவும் என் திரையில் இல்லை. அவருடையது பழைய பதிப்பாம். நாலாவதில் குரலே கிடையாது. காது கிழிய மேளம் மட்டும்.

பத்தாம் நாள் அவளைக் கண்டுபிடித்தேன். கொரியாக்காரி. பேசியது ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே சிவப்பு வட்டம் போட்டு, நான் அழுத்தும்வரை பொறுத்திருந்தாள். குழந்தைக்குச் சோறு தீத்துவது போல. அதிலும் அவள் கீறியது என்ன? கூரை, வளைந்த வாசல், உள்ளே சின்னத் தளம். அச்சொட்டாக ஒரு குட்டிக் கோயில்! முன்பலகையில் இரண்டு வட்டக் குழிகூட இருந்தது. ஒன்று விபூதிக்கு, ஒன்று சந்தனத்துக்கு. கொரியாவிலும் பக்தி இருக்கிறது என்று மெய்சிலிர்த்தேன்.

பன்னிரண்டு பாடங்கள். பதினொன்றிலேயே படம் முடிந்துவிட்டதால் கடைசியைப் பார்க்கவில்லை. என் மூலைக்கு ஏற்ப அளவுகளை மாற்றினேன். உயர்த்துவதற்கு நாலு கால் பூட்டினேன். (அது என் சொந்த மூளை.)

பிளானை மருதானைக்குக் கொண்டுபோனேன். தச்சுவேலை செய்யும் சுனில் பாஸ் அதை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"மிஸ், மே காட்டத?" யாருக்கு என்று கேட்கிறார்.

"தெய்யன்ட," என்றேன். சாமிக்கு.

அவர் என்னையும் பிளானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹரி மிஸ்," சரி என்றார். திறமையைக் கண்டு வாயடைத்துப் போனார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பால் காய்ச்சு அன்று சாமித்தட்டு மூலைக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு தாள்கூட இடையில் நுழையாது. உள்ளே பிள்ளையார், முருகன், லட்சுமி. ஐயர் பூசையை முடித்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். மாமி கும்பிட்டுவிட்டு, கைப்பையைத் திறந்து அளவுநாடாவை எடுத்தார். அகலம் பார்த்தார். உயரம் பார்த்தார். மூலைமட்டம் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார்.

மாமியின் வாயில் அது நூற்றுக்கு நூறு. எனக்குத் தலை கால் தெரியவில்லை. "எப்பிடிப் படிச்சனான் எண்டு காட்டட்டே?" என்று அந்த வீடியோவைப் பெரிய ரீவியில் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. நானேதான் போட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள் அபி, கொரிய நாடகம் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் படித்தவள். தலைப்பைக் கண்டதும் வடையைக் கீழே வைத்தாள்.

"அக்கா... இதில என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"என்ன, கோயில் எண்டோ?"

"'உங்கட நாய்க்கு ஒரு வீடு'."

நான் நம்பவில்லை. அபி ரிமோட்டை வாங்கிப் பன்னிரண்டாவது பாடத்தைப் போட்டாள். என் சாமித்தட்டு, நாலு காலும் இல்லாமல், திரையில் நின்றது. ஒரு குட்டை வெள்ளை நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, வளைந்த வாசலால் உள்ளே போய், மூன்று தரம் சுற்றிப் படுத்தது. பிறகு எட்டி, விபூதிக் குழியிலிருந்து தண்ணீர் குடித்தது.

குகன் கூரையைப் பார்த்தார். ஐயர் சாமித்தட்டைப் பார்த்தார். நான் பல்கனிக் கதவைப் பார்த்தேன். நாலாம் மாடி என்பது ஞாபகம் வந்தது.

மாமி எழும்பினார்.

"ஐயா, வைரவருக்கு வாகனம் என்ன?"

"நாய்தான் அம்மா."

"அப்ப நாய்க்கெண்டு கட்டின வீட்டில வைரவர் இருக்க மாட்டாரோ?"

ஐயருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "தாராளமா இருப்பார் அம்மா. மற்றவையையும் கூட்டிக்கொண்டு இருப்பார்."

அதோடு வீடே வெடித்துச் சிரித்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. சாமித்தட்டின் விளிம்பை விரலால் தடவினார். "அளவு ஒண்டும் பிசகேல்லை. ஆரும் உதவி செய்தவையோ?"

"இல்லை மாமி. நானேதான்."

"அப்ப ஏன் தலையைக் குனியிறாய்?"

அன்று பின்னேரமே வைரவர் படம் நடுவில் வந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். நானும் நிறுத்தவில்லை. சொந்தத்துக்குள் யார் வீட்டில் பன்ட்ரி அலுமாரி செய்தாலும் இப்போது பிளான் என்னுடையதுதான். யாழ்ப்பாணத்தில் மாமி சமைக்கும் குசினிக்கும் நான்தான் கீறினேன். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிற எல்லோரையும் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "என்ரை மருமகள் கீறினது," என்பாராம்.

அவர்கள் நன்றாகப் பார்த்து முடித்த பிறகு, கணக்கில் விடை சொல்வது போலச் சொல்வாராம்: "இது மனுசருக்கு."