அன்னாசி சோடாவும் பகல் ஷிப்டும்

ஒன்பது வருடமாக எனக்கு நைட் ஷிப்டு. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் எனக்குப் பிறகு சேர்ந்தவனெல்லாம் பகலில் வேலை செய்துவிட்டு ராத்திரி குறட்டை விடுகிறான். எல்லாம் மேஸ்திரி சடையப்பனின் ஓரவஞ்சனை. அந்த ஆடி மாதம் முடிவு கட்டினேன். மேஸ்திரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, மனதைக் குளிர வைத்து, பகல் ஷிப்டு வாங்காமல் விடுவதில்லை.

பிராந்திக் கடை திறந்த புதுசு. வழி சொன்னவன் என் மனைவியின் அண்ணன் மோசஸ். மெட்ராஸில் பெரிய ஓட்டல் சமையல்காரன். அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, ஒரு பங்கு பிராந்தி. குடிக்கிற நேரத்தில்தான் கோலி சோடாவை உடைத்து ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் நுரை செத்துவிடும். வெள்ளைக்காரன் இதைக் குடித்துவிட்டுத்தான் கையெழுத்தே போடுவானாம்.

பிராந்தி என்று தெரிந்தால் என் மனைவி விக்டோரியா வீட்டையே கொளுத்திவிடுவாள். இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். வாசனை பரவுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு நானே கலக்கினேன். நுரை பொங்கியது. மேஸ்திரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு. அம்மனுக்குக் கட்டிய காப்பு. அடுத்த வாரம் கூழ் ஊற்றி அதை அவிழ்க்கிற வரைக்கும் அவருக்குச் சாராய வாடைகூட ஆகாது.

"தொண்டையில சுருக்குனு ஏறுதே. இன்னாய்யா போட்ட இதுல?" என்றார்.

பகல் ஷிப்டும் போச்சு, நைட் ஷிப்டும் போச்சு.

விக்டோரியாதான் சொன்னாள். "சுக்குத் தண்ணி சார். வெள்ளிக்கெழம கோயிலாண்ட ஒங்கள காப்போட பாத்தேனே. வேற எதனா கலப்பமா?"

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருமல் மருந்து பாட்டில் முழுதும் அந்தப் பார்வையில் இருந்தது.

மேஸ்திரி இன்னும் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தக் கைக்கு எதனா செய்யாம வுட மாட்டேன்" என்று விக்டோரியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பிராந்தி எங்கே என்று மெதுவாகக் கேட்டேன்.

"வழி சொன்ன எங்கண்ணனே எங்கிட்டயும் வந்து சொல்லிச்சு. அதுவே குடிச்சிட்டும் பூட்ச்சு. பாட்டிலு சும்மா கெடக்குதேன்னு சுக்கு காச்சி ஊத்தினேன்."

மோசஸ் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் இனி நான் கால் வைப்பதில்லை.

மேஸ்திரி வாக்கு தவறாதவர். மானேஜரிடம் பேசி, கம்பெனி கேன்டீனை நடத்துகிற வேலையை விக்டோரியாவுக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்கும் அடுத்த வாரமே பகல் ஷிப்டு கிடைத்தது. கேன்டீனில் அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்ததாம்.